டீ குடிக்கும் ஊரில் பல் வெண்மையாக்கல்

பல்லை வெள்ளையாக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை சிட்டிங் ஆகும் டாக்டர்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த நிறம் பல்லுக்கு மேலே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? மேலே என்றால், ஜெல் பூசி வெளுக்கவைக்கும் பிளீச்சிங்கே தேவைப்படாமல் போகலாம். உள்ளே என்றால், எதனால் வந்தது என்பதைப் பொறுத்து இரண்டு வாரத்தில் மாறலாம், ஆறு மாதம் ஆகலாம், மாறாமலும் போகலாம். இதைப் பார்க்காமல் நேராக ஜெல்லைத் தடவினால் காசும் போகும், பல்லும் கூசும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

நீலகிரியில் மேல்கறைக்குப் பஞ்சமில்லை. எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, தோட்டத்திலிருந்து வந்ததும் ஒன்று, மழை பிடித்துக்கொண்டால் கூடுதலாக ஒன்று என்று டீ உள்ளே போய்க்கொண்டே இருக்கும் ஊர் இது. பல் தேய்த்த சில நிமிடங்களுக்குள் உமிழ்நீரிலிருந்து ஒரு மெல்லிய புரதப் படலம் எனாமலின் மேல் படிந்துவிடும். டீயில் உள்ள டானின் வகைப் பொருள்கள் அந்தப் படலத்தில்தான் ஒட்டுகின்றன. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் இவற்றில் ஒரு பகுதியைத் தன்னோடு கட்டிக்கொள்வதால் பால் டீ ஏற்றும் கறை கொஞ்சம் குறைவு. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பாலில்லாத கட்டன் சாயாவுக்கும், அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லைன் வீடுகளின் சாயத்தண்ணிக்கும் அந்தச் சலுகை கிடையாது. வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்குச் செம்பழுப்பு. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்குக் கீழ்ப்பற்களின் உட்புறத்தில் கறுப்பு. இரும்புச்சத்து டானிக் குடிக்கும் பிள்ளைகளின் பல்லிலும் கறுப்பு ஏறுவதுண்டு.

பலர் கவனிக்காத இன்னொரு காரணம் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ். ஈறு சிகிச்சைக்குப் பிறகு பத்து, பதினைந்து நாளைக்கென்று எழுதிக் கொடுத்ததைத் தாங்களாகவே மாதக்கணக்கில் தொடர்கிறவர்கள் உண்டு. அந்த மருந்தும் டீயும் ஒரே வாயில் சேர்ந்தால் பழுப்பு மிக வேகமாகப் பிடிக்கும். "நல்லா வாய் கொப்பளிக்கிறேன், ஆனாலும் பல் கறுக்குது" என்று சொல்கிறவரிடம் எந்த பாட்டில் என்று கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும்.

இந்தக் கறைகள் எல்லாவற்றுக்கும் மருந்து ஸ்கேலிங்கும் பாலிஷும்தான். அல்ட்ராசோனிக் முனையால் பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை உடைத்தெடுத்து, பியூமிஸ் என்ற கல்தூள் கலவையை ரப்பர் கப்பில் வைத்துத் தேய்ப்பார்கள். கறை ஆழமான குழிகளில் இருந்தால் சோடியம் பைகார்பனேட் தூளை நீரோடு பீய்ச்சும் கருவியும் உண்டு. அரை மணி முதல் ஒரு மணி நேர வேலை. இது முடிந்து கண்ணாடியைப் பார்த்ததும், "இதுவே போதும்" என்று எழுந்து போகிறவர்கள் கணிசம். அவர்களைப் பிளீச்சிங்குக்கு இழுத்துப் பிடிக்காத மருத்துவரை நம்பலாம்.

இனி உள்நிறம். பல்லின் வெளிச்சுவரான எனாமல் பாதி ஒளி ஊடுருவும் பொருள். அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பாகவே மஞ்சள். கண்ணாடி டம்ளரில் பால் ஊற்றினால் டம்ளர் வெள்ளையாகவும் டீ ஊற்றினால் செம்மையாகவும் தெரிவதைப்போல, நாம் காணும் பல்லின் நிறம் பெரும்பாலும் டென்டினுடையது. வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது, ஆகவே மஞ்சள் கூடுகிறது. கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களைவிட ஒன்றிரண்டு படி கறுத்திருப்பதும், ஈறோரம் மஞ்சள் அதிகமாக இருப்பதும் நோயல்ல, அமைப்பே அப்படி.

வயதால் வந்த மஞ்சளும் ஆண்டுக்கணக்காக உள்ளே ஊறிய டீ மஞ்சளும் பிளீச்சிங்குக்கு நன்றாக இணங்கும். சாம்பல் நிறம் இணங்காது. தாயின் கர்ப்பத்தின் பிற்பாதியிலோ, எட்டு வயதுக்கு முன்போ டெட்ராசைக்ளின் மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் பல்லில் சாம்பல், பழுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். அதற்கு மருத்துவமனை நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருவது வீண். ஜெல் வைத்துப் பல்லில் மாட்டிக்கொள்ளும் வீட்டு டிரேயை மூன்று முதல் ஆறு மாதம் இரவில் போட்டால் ஓரளவு வெளுக்கும். ஈறோரப் பட்டை அப்போதும் பிடிவாதம் பிடிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்து, வேலைக்கோ கல்யாணமாகியோ மலைக்கு வந்தவர்களின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புத் திட்டும் இருக்கும். அவர்களுக்குப் பிளீச்சிங் பின்னணியை வெளுப்பாக்கித் திட்டுகளின் வேறுபாட்டைக் குறைக்கும். பழுப்பை எடுக்க அமிலமும் நுண்தூளும் கலந்து எனாமலின் மேற்பரப்பை இம்மியளவு தேய்க்கும் மைக்ரோஅப்ரேஷன் கூடவே வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு முன்பல் மட்டும் கறுத்திருந்தால் அது வேறு கதை. சின்ன வயதில் விழுந்து அடிபட்டதில் உள்ளே நரம்பு செத்திருக்கலாம். முதலில் எக்ஸ்ரே, தேவையென்றால் வேர் சிகிச்சை. பிறகு பல்லின் பின்புறம் திறந்து, வேர் அடைப்பின் மேல் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்டால் தடுப்பு வைத்து, சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து உள்ளே அடைத்து மூடிவிடுவார்கள். சில நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு முதல் நான்கு தடவையில் பல் வெளுக்கும். அந்தத் தடுப்பு இல்லாமல், அடர்த்தியான பெராக்சைடைச் சூடேற்றிச் செய்யும் பழைய முறையில் சிலருக்கு ஆண்டுகள் கழித்து ஈறுக்கு அடியில் வேர் அரித்துப்போனது. அதனால் தடுப்பு வைத்தீர்களா என்று கேட்பதில் தப்பில்லை.

கேப், பாலம், ஒட்டிய செராமிக், பல் நிறச் சிமெண்ட் இவை எதுவும் பிளீச்சிங்கால் நிறம் மாறாது. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேரும் மாறாது. முன்பற்களில் பழைய அடைப்பு இருந்தால் சுற்றிலும் பல் வெளுத்து அந்த அடைப்பு மட்டும் மஞ்சளாக நிற்கும். இதை முன்பே தெரிந்துகொண்டு, பிளீச்சிங்குக்குப் பின் அடைப்பை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாருக்குச் செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயது நிறையாதவர்கள், அடைக்காத சொத்தையும் விரிசலும் உள்ளவர்கள், ஈறில் ரத்தம் வடிகிறவர்கள். புகையிலை, பாக்கு போடுகிறவர்களின் கன்னத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலமோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ தெரிந்தால் பல்லின் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அதற்கான பரிசோதனை.

அடுக்களை வைத்தியம் பற்றி இரண்டு வார்த்தை. உப்பு, கரித்தூள், செங்கல் பொடி, சாம்பல் எல்லாம் உப்புத்தாள் வேலைதான் செய்கின்றன. மேல்கறையோடு எனாமலையும் எடுத்துக்கொண்டு போகும். எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரியும். எலுமிச்சம்பழம் இதைவிட மோசம். எனாமல் கரையத் தொடங்கும் பி.எச். அளவு சுமார் 5.5, எலுமிச்சைச் சாறு 2, 2.5 என்று இருக்கும். அதைத் தடவிவிட்டு உடனே பிரஷ் போடுகிறவர்களுக்கு மூன்று மாதத்தில் குளிர்ந்த தண்ணீரே எதிரியாகிவிடும். வெண்மையாக்கும் பேஸ்ட் என்று கடையில் விற்பவை மேல்கறையைத்தான் எடுக்கின்றன. சிலவற்றில் நீலச் சாயம் கலந்திருப்பதால் கொஞ்ச நேரம் வெளுப்பாகத் தோன்றும், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

ஸ்கேலிங் முடிந்து ஈறு ஆற ஒரு வாரம் விட்டுத்தான் பிளீச்சிங் செய்ய வேண்டும். அன்றே செய்தால் புண்பட்ட ஈறில் ஜெல் பட்டு எரியும். அந்த ஒரு வாரமும், முடிந்தால் இரண்டு வாரமும், 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சத்துக்கான பேஸ்டைப் பயன்படுத்துவது நல்லது. அது உடனே வேலை செய்யும் மருந்தல்ல. நாள்பட்டுத்தான் நரம்பின் துடிப்பை அடக்கும். அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்வது.

முதலில் நிறத்தைப் பதிவு செய்வார்கள். வீட்டா என்ற நிறுவனத்தின் நிறக்கட்டையில் 16 பல் மாதிரிகள் இருக்கும்; வெளுப்பிலிருந்து கறுப்புக்கு அடுக்கினால் பி1-இல் தொடங்கி சி4-இல் முடியும். பல் ஈரமாக இருக்கும்போது, சிகிச்சையின் தொடக்கத்திலேயே, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஊட்டியில் பனிமூட்டம் இறங்கி ஜன்னல் இருண்டுவிட்டால் பகலொளி விளக்கு வேண்டும். மஞ்சள் பல்பின் அடியில் பார்த்த நிறத்தை நம்ப முடியாது. உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, மாதிரியைப் பல்லின் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து, "மாறவே இல்லையே" என்றோ "எவ்வளவு மாறிடுச்சு பாருங்க" என்றோ யார் சொன்னாலும் அந்தப் படம்தான் சாட்சி.

பிறகு கண்ணுக்குக் கண்ணாடி, உதட்டுக்கு வாசலின், கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம். மலையில் குளிர்காலத்தில் உதடும் கடைவாயும் வெடித்திருப்பவர்களுக்கு இந்த வளையமே பெரிய தண்டனை. இழுத்து ஒரு மணி நேரம் பிடித்தால் வெடிப்பு கிழியும். கடைவாய்ப் புண் ஆறாமல் அந்த நாற்காலியில் ஏறாதீர்கள்.

அடுத்தது ஈறுத் தடுப்பு. ஈறைக் காற்றால் உலர்த்தி, ஊசியிலிருந்து வரும் திரவப் பிசினை ஈறோரமாக வரிசையாக இட்டு, நீல விளக்கால் இறுக்குவார்கள். இந்த வேலையின் தரமே அன்றைய நாளின் சுகதுக்கத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள முக்கோண ஈறு மூடப்படாமல் விட்டால் ஜெல் அங்கேதான் புகும். இறுக்கும்போதே சூடு தெரிந்தால் கையைத் தூக்குங்கள். பேச முடியாது என்பதால் இந்தச் சைகையை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது வழக்கம்.

நாற்காலி முறையில் போடும் ஜெல்லில் 25 முதல் 40 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் பூசி, தயாரிப்பைப் பொறுத்துப் பத்து முதல் இருபது நிமிடம் வைத்து, உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். மூன்று சுற்று சாதாரணம். முதலில் உறிஞ்சிவிட்டுப் பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். வரிசை மாறினால் கரைந்த ஜெல் தொண்டைக்குப் போகும். பெராக்சைடு எனாமலைக் கடந்து சில நிமிடங்களிலேயே பல்லின் நடுவில் உள்ள கூழ்ப் பகுதிவரை போய்விடுகிறது. வழியில் இருக்கும் நிறமிகளின் நீண்ட மூலக்கூறுகளை உடைத்துச் சிறியதாக்குவதால்தான் நிறம் வெளுக்கிறது. தேய்த்து எடுப்பதோ சுண்ணாம்பு அடிப்பதோ இதில் இல்லை.

நீல விளக்கைப் பற்றிக் கேட்பார்கள். "லேசர் ஒயிட்டனிங்" என்று பலகை வைத்திருக்கும் பல இடங்களில் இருப்பது எல்.இ.டி. விளக்குதான். விளக்கு போட்ட பல்லும் போடாத பல்லும் இரண்டு வாரம் கழித்து ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன என்பதுதான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவது. விளக்கின் சூடு வேலையைக் கொஞ்சம் முடுக்கும், பல்லையும் சூடாக்கும். 1965-இல் வெளியான குரங்குப் பல் ஆய்வு ஒன்று, கூழ்ப் பகுதியின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினாலே சில பற்கள் செத்துப்போகின்றன என்று காட்டியது. இன்றும் அந்த எண்ணைத்தான் எல்லையாக வைத்திருக்கிறார்கள். விளக்குக்கென்று தனியாகக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லலாம்.

கடைசியில் ஜெல்லைக் கழுவி, தடுப்பை உரித்து, பொட்டாசியம் நைட்ரேட்டோ ஃப்ளோரைடோ உள்ள ஜெல்லைச் சில நிமிடம் பூசுவார்கள். மொத்தம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஈறில் எங்காவது வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அங்கே பெராக்சைடு பட்டிருக்கிறது என்று பொருள். நிறையத் தண்ணீரில் கழுவி வைட்டமின் ஈ எண்ணெய் தடவுவார்கள். லேசான திட்டு அன்றோ மறுநாளோ மறைந்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ உரிந்தாலோ காட்ட வேண்டும்.

எழுந்து கண்ணாடியைப் பார்க்கும்போது தெரியும் வெள்ளையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததில் எனாமல் வறண்டு கூடுதலாக வெளுத்துத் தெரியும். ஒன்றிரண்டு நாளில் உமிழ்நீர் ஊறி நிறம் கொஞ்சம் இறங்கும். உண்மையான நிறம் நிலைக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். "போன வாரம் செஞ்சேன், அதுக்குள்ள போயிடுச்சு" என்ற புகாரில் பெரும்பகுதி இந்த இறக்கம்தான். இதைப்போலவே, முன்பு கண்ணுக்கே படாத வெள்ளைப் புள்ளிகள் முதல் இரண்டு மூன்று நாள் துருத்திக்கொண்டு தெரியும். பதற வேண்டாம், பெரும்பாலும் கலந்துவிடும்.

குளிரும் கூச்சமும்

மலையில் செய்துகொள்வதற்கும் கீழே செய்துகொள்வதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். டென்டினில் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் திரவம் நிரம்பி இருக்கின்றன. குளிர் பட்டதும் அந்தத் திரவம் நகர, உள்ளே நரம்பு சுண்டும். பிளீச்சிங் செய்த பல்லில் அந்த நரம்பு ஏற்கெனவே எரிச்சலோடு இருக்கும். கூச்சம் முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தில் இருந்து, இரண்டு முதல் நான்கு நாளில் அடங்கும். குத்தும் வலி ஒரே பல்லில் திடீரென்று மின்னி மறையலாம். கீழ் முன்பற்கள் சிறியவை என்பதால் அங்கே அதிகம்.

இந்த நாள்களில் ஊட்டியின் டிசம்பர், ஜனவரி விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கி, புல்வெளியில் உறைபனி கிடக்கும். அந்தக் காற்றில் வாயைத் திறந்து பேசினாலே போதும். படகர்களின் எத்தையம்மன் பண்டிகை வருவதும் இந்தக் குளிரில்தான். வெள்ளை வேட்டியும் வெள்ளைப் போர்வையுமாக நிற்கும்போது பக்கத்தில் பல் இன்னும் மஞ்சளாகத் தெரிவது கண்ணின் இயல்பு. அதனால் பண்டிகைக்கு முன்வாரம் பிளீச்சிங் கேட்டு வருவதில் வியப்பில்லை. கேட்பவர்கள் அக்டோபரிலேயே முடித்துக்கொண்டால் கூச்சமும் அடங்கியிருக்கும், நிறமும் நிலைத்திருக்கும். கல்யாணத்துக்கும் அதே கணக்கு: ஒன்றரை மாதம் முன்பு தொடங்கி, முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

குளிரில் செய்துதான் ஆக வேண்டும் என்றால் வாயை மூடும்படி மஃப்ளர், வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர், நேராகக் குழாய்த் தண்ணீரில் பல் தேய்க்காமை. இவ்வளவுதான் மருந்து. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் தூண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கூசுகிற பல்லில் நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கிற பழக்கம் இங்கே உண்டு. வீட்டில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும், ஆகவே கை அங்கேதான் போகும். அது விழுங்கினால் நஞ்சு, குழந்தைகளுக்கு மிக ஆபத்து. பிளீச்சிங் செய்த ஈறில் பட்டால் எரியும். கிராம்பு எண்ணெயும் ஈறைப் பொசுக்கும். கூச்சத்துக்கான பேஸ்டைப் பல்லில் விரலால் தடவி விட்டுவிடுவது இரண்டையும்விட நல்லது. ஒரு வாரத்துக்குப் பிறகும் ஒரு பல் மட்டும் வலித்தால், அல்லது இரவில் தானாக வலித்து எழுப்பினால், அது கூச்சமல்ல. பார்க்கத் தவறிய சொத்தையோ விரிசலோ இருக்கும்.

கோயம்புத்தூரில் ஒரே நாளில் செய்துகொண்டு மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வருகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. வண்டி பர்லியாறில் நிற்கும், எதிரே டீக்கடை, கை தானாக நீளும். புதிதாக வெளுத்த பல் சாயத்தைச் சுலபமாக ஏற்கிற முதல் சில மணி நேரம் அதுதான். ஒரு பிளாஸ்கில் வெந்நீரோ பாலோ கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 48 மணி நேரம் சாயமில்லாத சாப்பாடு என்பது வழக்கம். பிளீச்சிங் காலத்தில் டீ குடித்தால் முடிவு எவ்வளவு கெடும் என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் பொறுப்பதில் நஷ்டமில்லை. நமக்கு இது சிரமமும் இல்லை: இட்லி, இடியாப்பம் தேங்காய்ப்பால், ஆப்பம், புளிக்காத தயிர் சாதம், வெள்ளைப் பணியாரம், மிளகாய் சேர்க்காத தேங்காய்ச் சட்னி. தவிர்க்க வேண்டியவை மஞ்சள் போட்ட குழம்பு, சாம்பார், பீட்ரூட், திராட்சை, டீ, காபி, வெற்றிலை. நிறமில்லாவிட்டாலும் புளிப்பானவை ஆகாது. கோத்தகிரிப் பக்கத்துப் பிளம்ஸும் மரத்தக்காளியும் இரண்டு நாள் காத்திருக்கட்டும். பீடியும் சிகரெட்டும் அந்த இரண்டு நாளாவது வேண்டாம்.

வீட்டு டிரே

மஞ்சூர், கிண்ணக்கொரை, பந்தலூர் என்று தள்ளி இருப்பவர்களுக்கு, மழையில் பாதை அடைபடும் மாதங்களில் மூன்று முறை வந்து போகச் சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு மட்டுமல்ல, கூச்சம் அதிகமுள்ள யாருக்கும் வீட்டு டிரேதான் எங்கள் முதல் பரிந்துரை. 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இந்த இரவு டிரே முறையை எழுதி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த புதுமைகளில் பல பெயர்தான் புதுமை.

அளவெடுக்கும் ஆல்ஜினேட்டில் பற்களின் அச்சு எடுத்து, கல்லில் ஒரு பல் மாதிரியை வார்த்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மென் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி வெற்றிடத்தில் படியவைத்து, ஈறோரத்தை ஒட்டிக் கத்தரிப்பார்கள். விளிம்பு ஈறை அழுத்தினால் அங்கே புண்ணாகும். வாயில் போட்டுப் பார்த்து உரசும் இடத்தை அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். கடையில் கிடைக்கும், எல்லா வாய்க்கும் ஒரே அளவான டிரேயில் ஜெல் வழிந்து ஈறில்தான் நிற்கும்.

ஜெல் 10 சதவீதம் கார்பமைடு பெராக்சைடு. இது வாயில் பிரிந்து ஏறத்தாழ 3.5 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடாகும். நாற்காலி ஜெல்லோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஆறு முதல் எட்டு மணி நேரம் பல்லோடு இருப்பதால் இரண்டு வாரத்தில் அதே இடத்துக்கு வந்து சேரும். 20 சதவீதத்துக்கு மேல் உள்ள ஜெல்லை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருளைப் பல் மருத்துவர் வழியாகத்தான் தர முடியும். அதிலும் உச்சவரம்பு 6 சதவீதம். இங்கே ஆன்லைனில் எதுவும் கிடைக்கிறது என்பதால் சதவீதத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். அழகு நிலையத்தில் செய்யும் பிளீச்சிங்கும் வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை வாய்க்குள் நடப்பது. பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை.

இரவு பல் தேய்த்து, நூலால் இடுக்குகளைச் சுத்தம் செய்தபின், டிரேயில் ஒவ்வொரு பல்லின் முன்பக்கத்துக்கும் நேராக ஓர் அரிசி அளவு ஜெல். அதற்கு மேல் வைத்தால் வழியும், வீணாகும். மாட்டிய பின் ஈறில் வழிந்ததை உலர்ந்த பிரஷால் துடைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். பிரிட்ஜில் இருக்கும் ஜெல் ஊசியைப் பத்து நிமிடம் முன்பே எடுத்து வெளியே வைக்காவிட்டால் குளிரில் ஜெல் கெட்டியாகி வராது, பல்லும் கூசும். கூச்சம் கூடினால் ஓர் இரவு விட்டு ஓர் இரவு போடலாம், அல்லது கூச்சத்துக்கான பேஸ்டை அதே டிரேயில் வைத்துப் பத்து முதல் முப்பது நிமிடம் மாட்டலாம். நாள் கூடும், முடிவு குறையாது. முதலில் மேல்வரிசையை மட்டும் செய்யுங்கள். கீழ்வரிசை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே இருக்கும். மாற்றம் கண்ணுக்குத் தெரியும்போதுதான் மனிதர்கள் இரண்டு வாரம் பொறுமையாக இருப்பார்கள்.

மலையில் டிரே கெடுவதற்குக் காரணம் ஒன்றே, வெந்நீர். முகம் கழுவ, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் வெந்நீர் பழகிய கை, காலையில் டிரேயையும் அதில் போடும். அந்தத் தகடு சூட்டில் உருவானது, சூட்டிலேயே கோணிப் போகும். அப்புறம் பல்லில் உட்காராது. பச்சைத் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். அடுப்பு மேடையிலும் ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

முடிந்த பிறகு முன்பல் அடைப்பை மாற்றவோ, செராமிக் ஒட்டவோ, கம்பி போடவோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். பல்லுக்குள் தங்கிய ஆக்ஸிஜன் ஒட்டும் பிசினை இறுகவிடாது. அவசரப்பட்டு ஒட்டினால் சில மாதத்தில் பெயர்ந்து கையோடு வரும். நிறம் நிலைக்காமல் புது அடைப்பின் நிறத்தைப் பொருத்தவும் முடியாது.

வெண்மை எத்தனை நாள் நிற்கும் என்பது குடிக்கும் டீயைப் பொறுத்தது. பொதுவாக ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு. ஒரு நாளைக்கு ஐந்து கட்டன் சாயா என்றால் முன்னதன் பக்கம். டீயை விடச் சொன்னால் இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்து விழுங்குங்கள், ஒரே டம்ளரை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருக்காதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள். நிறம் மறுபடி இறங்கியது தெரிந்தால் முழுச் சிகிச்சையும் வேண்டாம். பழைய டிரேயில் ஒன்று முதல் மூன்று இரவு ஜெல் போட்டால் திரும்பிவிடும். அதனால் டிரேயைப் பெட்டியில் போட்டு வையுங்கள், கல் மாதிரியை மருத்துவரிடமிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். இடையில் புது அடைப்போ கேப்போ வைத்திருந்தால் பழைய டிரே பொருந்தாது. புதிதாக அச்சு எடுத்துத்தான் ஆக வேண்டும்.